விற்கப்பட்ட தோட்டமும் விற்கப்படாத தோட்டமும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர், இப்போது குடும்பத்துடன் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வசித்து வருகிறார். அவரும் அவருடைய மூத்த சகோதரரும் கூட்டாக ஒரு பழத்தோட்டத்தை வாங்கிப் பராமரிக்கின்றனர். சென்ற மாதம் ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். இங்கே அஸ்ர் முடிந்த நேரம். அங்கே ஃபஜ்ருக்குச் சற்று முன். நலம் விசாரித்த பின் அவர் கேட்டது இது:

"ஹஜ்ரத், எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். தம் நிலத்தில் இனி எக்காலத்திலும் குடியிருப்புகளோ கடைகளோ எழும்பக் கூடாது என்று பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டார். நிலம் அவரிடமே இருக்கிறது. அவரே பயிர் செய்கிறார். விரும்பினால் விற்கவும் செய்யலாம். ஆனால் யார் வாங்கினாலும் அது விளைநிலமாகவே இருக்க வேண்டும். நாங்களும் அப்படிச் செய்தால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். 'பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை நீ குறைக்கிறாய், இது மார்க்கத்தில் கூடுமா?' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

நாம் அன்று பதில் சொல்லவில்லை; சில நாட்கள் அவகாசம் கேட்டோம். சட்ட விவரம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது ஒரு காரணம். அந்தக் கேள்வி நம் வீட்டின் பழைய காயம் ஒன்றைத் தொட்டது மற்றொரு காரணம். அதனை இறுதியில் கூறுவோம். முதலில் அந்தப் பத்திரம் இன்னதென்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இதனைக் 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்கின்றனர். நாம் இங்கே நிலக்காப்புப் பத்திரம் என்று குறிப்பிடுவோம். ஒரு நிலத்தின் மீது உரிமையாளருக்குள்ள உரிமை ஒற்றை உரிமை அன்று. பல உரிமைகளின் தொகுப்பு. பயிரிடும் உரிமை, குடியிருக்கும் உரிமை, விற்கும் உரிமை, வாரிசுகளுக்கு விட்டுச் செல்லும் உரிமை, மனைகளாகப் பிரித்துக் கட்டடம் எழுப்பும் உரிமை என அது விரியும். இவற்றுள் கடைசி உரிமையை மட்டும் உரிமையாளர் தாமாக முன்வந்து நிரந்தரமாகக் கைவிடுகிறார். மற்ற அனைத்தும் அவரிடமே இருக்கும். அவர் கைவிட்டதை மீறாமல் காக்கும் அதிகாரம் ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ எழுத்து மூலம் வழங்கப்படுகிறது. அந்தப் பத்திரம் மாவட்டப் பதிவகத்தில் பதியப்பட்டதும், அவரை மட்டுமன்றி அவருக்குப் பின் அந்நிலத்திற்கு உரிமையாளராகும் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும்.

நிலத்தை முழுவதுமாகப் பூட்டிவைப்பதாக இதனைக் கருத வேண்டியதில்லை. பிள்ளைகள் வீடு கட்டிக்கொள்ள ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி எழுதலாம். களஞ்சியம், மாட்டுக்கொட்டில், கிணறு ஆகியவற்றை அனுமதிக்கலாம். ஊரார் உள்ளே வந்து போக அனுமதிக்க வேண்டும் என்பதும் எல்லாப் பத்திரங்களிலும் கட்டாயம் அன்று. எது கூடும், எது கூடாது என்பதெல்லாம் கையெழுத்திடும் முன்னரே பேசி முடிவு செய்யப்படுகின்றன.

இதன் விலையைக் கணிக்கும் முறை எளிது. கட்டுப்பாடு இல்லாதபோது 10 லட்சம் டாலர் பெறும் நிலம், கட்டுப்பாட்டுக்குப் பின் 6 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 4 லட்சமே கைவிடப்பட்ட உரிமையின் மதிப்பு. உரிமையாளர் அதனை அறக்கட்டளைக்குத் தானமாகத் தரலாம்; அல்லது அறக்கட்டளை அதனை விலை கொடுத்து வாங்கலாம். தானமாகத் தந்தால் வருமான வரியில் சலுகை உண்டு. ஆண்டு வருமானத்தில் பாதி வரையிலும், விவசாயத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்க்கு முழு வருமானம் வரையிலும் அந்த மதிப்பைக் கழித்துக்கொள்ளலாம். மீதமிருப்பதை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: பத்திரம் நிரந்தரமானதாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று காலவரம்பு வைத்தால் அந்தச் சலுகை இல்லை.

இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. சார்லஸ் எலியட் என்னும் நிலவடிவமைப்பாளரின் முயற்சியால் 1891-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான அமைப்பே அந்நாட்டு நில அறக்கட்டளைகளுக்கு முன்னோடி. 1930-களில் புளூ ரிட்ஜ் மலைச்சாலையின் இருபுறக் காட்சியையும் காக்க, அங்கிருந்த விவசாயிகளிடமிருந்து நிலத்தை வாங்காமல் உரிமையை மட்டும் அரசு வாங்கியது. 1959-இல் வில்லியம் ஒயிட் என்னும் எழுத்தாளர் இதனை விரிவாக எழுதிப் பரப்பினார். எனினும் ஒரு சட்டச் சிக்கல் நீடித்தது. பழைய ஆங்கிலேயச் சட்ட மரபில், ஒரு நிலத்தின் மீது பிறருக்குள்ள இத்தகைய உரிமை, பெரும்பாலும் பக்கத்து நிலத்தின் நன்மைக்காகவே இருக்க முடியும். பக்கத்தில் நிலமே இல்லாத ஓர் அறக்கட்டளை எப்படி உரிமை கொண்டாடும்? அந்தத் தடையை நீக்கவே மாநிலங்கள் தனிச் சட்டங்கள் இயற்றின. 1981-இல் அவற்றுக்கு ஒரு பொது மாதிரிச் சட்டமும் வகுக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் 3 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இத்தகைய பத்திரங்களின் காப்பில் இருக்கிறது.

நம் மாணவர் வாழும் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் வருவது மரின் மாவட்டம். புல்வெளிக் குன்றுகளும் பால்பண்ணைகளும் நிறைந்த பகுதி. பெருநகரம் பாலத்தின் மறுமுனையில் காத்திருக்க, அங்கே நெடுஞ்சாலைகளும் புதுநகரங்களும் அமைக்கும் திட்டங்கள் 1960-களில் வரையப்பட்டன. மாவட்ட நிர்வாகம் 1970-களின் தொடக்கத்தில், 60 ஏக்கருக்கு ஒரு வீடு மட்டுமே என்று விதி வகுத்து அதனைத் தடுத்தது. ஆனால் ஒரு நிர்வாகம் வகுத்த விதியை அடுத்த நிர்வாகம் மாற்றிவிடலாம் அல்லவா? எலன் ஸ்ட்ராஸ் என்னும் பால்பண்ணைப் பெண்மணியும் ஃபிலிஸ் ஃபேபர் என்னும் உயிரியல் அறிஞரும் சேர்ந்து 1980-இல் மரின் வேளாண் நில அறக்கட்டளையைத் தொடங்கினர். விளைநிலத்தைக் காப்பதற்கென்றே அந்நாட்டில் தோன்றிய முதல் நில அறக்கட்டளை அது. பண்ணைக் குடும்பங்களிடமிருந்து கட்டட உரிமையை அது விலை கொடுத்து வாங்குகிறது. இதுவரை காக்கப்பட்ட நிலம் 50,000 ஏக்கரைத் தாண்டும்.

விதியை மாற்றலாம்; நல்லெண்ணம் கொண்ட மனிதர் மறைந்துவிடலாம்; எழுதிப் பதிந்து காவலாளியும் அமர்த்திய நிபந்தனை மட்டுமே நிலைக்கும். அந்தப் பண்ணையாளர்கள் கண்ட உண்மை இதுதான். இது நமக்குப் புதிதா? மதீனாவுக்குச் செல்வோம்.

அபூதல்ஹா (ரலி) அவர்கள் அன்சாரிகளுள் பேரீச்சந்தோட்டங்களால் செல்வம் மிகுந்தவர். அவருக்கு மிகவும் பிரியமான தோட்டம் பைருஹா. அது மஸ்ஜிதுந் நபவீக்கு எதிரே இருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதனுள் சென்று அதன் இனிய நீரைப் பருகுவார்கள். நாம் நேசிப்பவற்றிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய இறைவசனம் அருளப்பட்டபோது, அபூதல்ஹா (ரலி) அந்தத் தோட்டத்தையே அல்லாஹ்வுக்காகத் தர்மமாக அறிவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனைப் பாராட்டி, உறவினர்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு யோசனை கூறினார்கள். அவ்வாறே செய்யப்பட்டது. பங்கு பெற்றவர்களுள் கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர்.

இதுவரை நாம் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். இதன் பிற்பகுதி ஸஹீஹுல் புகாரீயில் இருக்கிறது. அதனை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. பிற்காலத்தில் ஹஸ்ஸான் (ரலி) தம் பங்கை முஆவியா (ரலி) அவர்களுக்கு விற்றார்கள். அபூதல்ஹாவின் தர்மத்தையா விற்கிறீர் என்று கேட்கப்பட்டபோது, நல்ல விலை கிடைக்கும்போது விற்காமல் இருப்பேனா என்ற கருத்தில் பதில் அளித்தார்கள். அந்த இடத்தில் முஆவியா (ரலி) ஒரு மாளிகையைக் கட்டினார்கள்.

இதில் ஸஹாபாக்கள் எவர் மீதும் குற்றமில்லை என்பதைத் தெளிவாக உணர வேண்டும். அத்தோட்டம் வக்ஃபாக அன்றி உடைமையாகவே கொடுக்கப்பட்டது என்பதற்கு இந்த விற்பனையையே அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டியுள்ளனர். தம் உடைமையை ஹஸ்ஸான் (ரலி) விற்றார்கள், அது ஹலால். அபூதல்ஹா (ரலி) அவர்களின் நற்கூலியிலும் ஒன்றும் குறையாது. நாம் சுட்டுவது ஒன்றே ஒன்றுதான்: நிபந்தனை இல்லாமல் கொடுக்கப்பட்ட தோட்டம், கொடுத்தவரின் நிய்யத் எவ்வளவு தூயதாயினும், ஒருநாள் மாளிகையாக மாறலாம்.

இனி மற்றொரு நிலத்தைப் பாருங்கள். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு கைபர் வெற்றிக்குப் பின் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடச் சிறந்த செல்வம் தமக்கு வாய்த்ததில்லை என்று கூறி, அதனை என்ன செய்யலாம் என நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து, அதன் பலனைத் தர்மம் செய்யலாம் என்பதே கிடைத்த வழிகாட்டல். உமர் (ரலி) அவ்வாறே செய்தார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகத் தரக் கூடாது, வாரிசுகளுக்குப் பங்கிடக் கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். ஏழைகள், உறவினர்கள், வழிப்போக்கர்கள், விருந்தினர்கள் முதலானோர்க்கு அதன் விளைச்சல் சேர வேண்டும் என்றும், நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்றும் வகுத்தார்கள்.

அது வாய்மொழியோடு நிற்கவில்லை. அந்த வக்ஃபின் பத்திரம் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. முஐகீப் (ரலி) எழுதினார்கள். அப்துல்லாஹ் பின் அல்அர்கம் (ரலி) சாட்சியானார்கள். தமக்குப் பின் அதன் பொறுப்பாளராக உமர் (ரலி) நியமித்தது தம் மகள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களை. அவர்களுக்குப் பின் குடும்பத்தில் விவேகமுள்ளவர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. நிபந்தனை, எழுத்து, சாட்சி, காவலர், காவலருக்குப் பின் காவலர். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தனையும் ஒரே பத்திரத்தில் இருந்தன!

அப்படியானால் அமெரிக்காவின் நிலக்காப்புப் பத்திரம் வக்ஃபுதானா? அன்று. வக்ஃபில் விற்கும் உரிமையும் வாரிசுரிமையும் நின்றுவிடுகின்றன. இங்கே அவ்விரண்டும் தொடர்கின்றன. ஓர் உரிமை மட்டுமே நிற்கிறது. பொருளை நிறுத்தாமல் பயன்பாட்டை மட்டும் வக்ஃபு செய்வதை மாலிகீ மத்ஹபு அனுமதிக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் வக்ஃபுக்கு நிலைத்து நிற்கும் பொருள் வேண்டும். ஆகவே இதனை வக்ஃபு என்று அழைத்து வக்ஃபின் சட்டங்களை இதன் மீது சுமத்தத் தேவையில்லை. ஒருவர் தம் உடைமையில் தம் உரிமையொன்றைத் தாமாக விட்டுக்கொடுத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே இதனைக் காண்கிறோம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது. அறக்கட்டளையை நடத்துவோர் முஸ்லிம்கள் அல்லர் என்பதும் தடையாகாது. அநீதிக்குள்ளானவர்க்கு உதவும் பொருட்டு மக்காவில் ஏற்பட்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்திற்கு முன் கலந்துகொண்டதும், இஸ்லாம் வந்த பின்னும் அதனைப் பெருமையுடன் நினைவுகூர்ந்ததும் நாம் அறிந்தவையே.

மூத்த சகோதரரின் கவலைக்கு வருவோம். அதனை உலக ஆசை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. நோயுற்றிருந்த ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) தம் செல்வத்தைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நபி (ஸல்) அவர்கள் இசையவில்லை. அந்த ஒரு பங்கே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிட வசதியுடன் விட்டுச் செல்வது மேல் என்றும் உணர்த்தினார்கள். ஆகவே வாரிசுகளை நினைப்பதும் மார்க்கமே.

ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு என்னும் வரம்பு வஸிய்யத்துக்கும் மரண நோயில் செய்யும் தர்மத்துக்கும் உரியது. உடல்நலத்துடன் இருக்கும் ஒருவர் தம் சொத்தில் செய்யும் ஏற்பாட்டுக்கு அந்த வரம்பு இல்லை. அநீதி இழைக்கும் எண்ணம் மட்டும் இருக்கக் கூடாது. மகள்மாரின் பங்கைக் குறைப்பதற்கோ ஒரு மகனுக்கு மட்டும் சலுகை தருவதற்கோ இந்தப் பத்திரத்தைக் கருவியாக்கினால் அது பாவம். நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை அன்பளிப்புச் செய்தபோது, அதற்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்ததை மறக்கலாகாது. நிலக்காப்புப் பத்திரத்தின் சுமையோ எல்லா வாரிசுகள் மீதும் அவரவர் பங்கின்படியே விழுகிறது. நிலத்தின் சந்தை விலை குறையலாம். அதன் விளைச்சல் குறைவதில்லை.

அத்துடன், உரிமையை விலைக்கு வாங்கும் அறக்கட்டளைகள் தரும் தொகையைக் கொண்டு, நிலத்தில் உழைக்க விரும்பாத உடன்பிறந்தாரின் பங்கைப் பணமாகக் கொடுத்துத் தீர்க்கும் பண்ணைக் குடும்பங்கள் அங்கே உண்டு. நகரத்தில் வேலை பார்க்கும் மகளுக்குப் பணம். ஏர் பிடிக்கும் மகனுக்கு நிலம். நிலத்தைத் துண்டாடாமலே ஹக்கு தீர்கிறது. சகோதரர்கள் இருவரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இந்தப் பத்திரத்தில் பொய்யும் புகுந்ததுண்டு என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. சில இடைத்தரகர்கள் மலிவான நிலத்தை வாங்கி, அதன் பங்குகளைச் செல்வந்தர்களுக்கு விற்று, நிலத்தின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்திக் காட்டி, கட்டட உரிமையைத் தானம் செய்ததாக வரிக்கழிவு பெற்றனர். போட்ட பணத்தைவிடப் பல மடங்கு கழிவு! அந்நாட்டு வரித்துறை 2016-இன் இறுதியிலேயே இத்தகைய ஏற்பாடுகளைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2022-இன் இறுதியில், இவ்வாறு கூட்டாகச் செய்யும் தானங்களுக்குக் கிடைக்கும் கழிவு, அவர்கள் இட்ட முதலீட்டின் இரண்டரை மடங்கைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டம் தரும் நியாயமான சலுகையைப் பெறுவதில் தவறில்லை. மதிப்பைக் கூட்டிச் சொல்வது பொய். பொய்யின் மீது கட்டிய தர்மத்தில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. உங்களை அணுகுபவர் நிலத்தைப் பற்றிப் பேசாமல் கழிவைப் பற்றியே பேசினால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நம் வீட்டுக் காயத்தைச் சொல்கிறோம்.

தாமிரபரணிப் பாசனத்தில் எம் தந்தைக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. ஒரு மூலையில் கிணறு. வரப்பில் சில தென்னைகள். அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு நெல் வருமுன் மதரஸாவுக்கு இரண்டு மூட்டை போகும். கடைசிக் காலத்தில் அவர் எங்களை அழைத்து, "வயலை வயலாகவே வைத்திருங்கள்" என்றார். நாங்கள் தலையசைத்தோம். அவ்வளவுதான். அது வஸிய்யத்தும் அன்று, வக்ஃபும் அன்று. ஒரு தந்தையின் ஆசை. அவர் மறைந்த பின் முறைப்படி பங்கு பிரித்தோம். சகோதரிகளின் பங்கு குறையாமல் கொடுக்கப்பட்டது, அல்ஹம்து லில்லாஹ். பிறகு ஒருவருக்குக் கல்யாணச் செலவு, மற்றவருக்குத் தொழில் கடன். மனை வியாபாரி சொன்ன விலையோ, நெல் விற்று எத்தனை ஆண்டு சேர்த்தாலும் கிடைக்காத விலை. எல்லோரும் கையெழுத்திட்டனர். நாமும் கையெழுத்திட்டோம்.

இன்று அங்கே கல் நட்ட மனைகள் இருக்கின்றன. கிணறு மூடப்பட்டுவிட்டது. வாய்க்கால் மட்டும் மனைகளின் ஓரமாகச் சாக்கடையாக ஓடுகிறது. மஃரிபுக்கு அந்த வழியே செல்லும்போதெல்லாம் நாம் நம்மையே கேட்டுக்கொள்கிறோம்: வாப்பாவின் சொல்லை நாம் மீறினோமா, அல்லது அந்தச் சொல்லைக் காக்க எவரையும் அவர் நியமிக்கவில்லையா? விற்றது ஹலால் என்பதில் ஐயமில்லை. தேவைகளும் உண்மையானவை. ஆயினும் நாம் மரம் நட்டவரின், பயிரிட்டவரின் தர்மத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். பறவையும் மனிதரும் கால்நடையும் அதில் உண்பதெல்லாம் நட்டவருக்குத் தர்மமாகும் என்ற ஹதீஸை மனனம் செய்விக்கிறோம். எம் தந்தைக்கு ஓடிக்கொண்டிருந்த அந்தத் தர்மத்தின் வாய்க்காலை அடைத்த கைகளுள் நம் கையும் ஒன்று.

தமிழகத்தில் அமெரிக்க முறையை அப்படியே செய்ய இயலாது. மதராஸ் ஆளுகையில் முதலிலேயே நடைமுறைக்கு வந்த 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம், இத்தகைய உரிமை மற்றொரு நிலத்தின் அனுபவத்திற்காகவே இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க மாநிலங்கள் தனிச் சட்டத்தால் நீக்கிய அதே தடை இங்கே நீடிக்கிறது. ஆனால் நம்மிடம் வேறு வழி உண்டு. குடும்பத்தாரே பலனை அனுபவித்து, இறுதியில் ஏழைகளுக்குச் சேரும் வக்ஃபு அலல் அவ்லாது, 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்கப்பட்டது. பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையை அது பறிக்கலாகாது என்று 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அந்தத் திருத்தத்தின் பிற பகுதிகளைப் பற்றி நமக்குள்ள கவலைகள் வேறு. பெண்களின் பங்கைக் காப்பது ஷரீஅத்தே நம் மீது வைத்த கடமை. தக்க வழக்கறிஞரையும் ஆலிமையும் ஒருங்கே அமர்த்தி, நிலம் விளைநிலமாகவே தொடர வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுத வேண்டும்.

எழுதினால் மட்டும் போதுமா? நம் முன்னோர் எழுதிவைத்த வக்ஃபு நிலங்கள் எத்தனை, ஆக்கிரமிப்பில் கிடக்கின்றன! அவற்றில் குறைந்தது பத்திரம் அன்று, பார்வை. அமெரிக்க நில அறக்கட்டளையின் ஒழுங்கில் நாம் கற்க வேண்டியது இதுவே. பத்திரம் பதியும்போதே நிலத்தின் வரைபடம், புகைப்படங்கள், மரங்கள், நீர்நிலைகள் ஆகிய அனைத்தையும் கொண்ட ஆவணம் ஒன்றைத் தயாரிக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் அந்த ஆவணத்துடன் நேரில் சென்று நிலத்தைச் சுற்றி வருகிறார். மாற்றம் இருந்தால் உரிமையாளரிடம் பேசுகின்றனர். தேவையானால் நீதிமன்றம் செல்கின்றனர். அதற்கென நிதியும் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் மஹல்லா ஜமாஅத்துகள் இதனைச் செய்யக் கூடாதா? ஷஅபான் மாதத்தில் ஒருநாள் முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் இளைஞர்களும், பழைய பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வக்ஃபு நிலத்தின் நான்கு எல்லையையும் நடந்து பார்த்தால் அதற்கு எவ்வளவு செலவாகும்?

நம் மாணவருக்கு நாம் அளித்த பதில் இதுதான். "தம்பி, நீங்கள் விரும்புவது மார்க்கத்தில் கூடும், நல்ல நிய்யத்துடன் செய்தால் நன்மையும் உண்டு, இன்ஷா அல்லாஹ். ஆனால் தோட்டத்தில் அண்ணனும் பங்காளி. பங்காளியின் பங்கை அவர் மனப்பொருத்தமின்றிக் கட்டுப்படுத்த உங்களுக்கு உரிமையில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் அந்நாட்டுச் சட்டமும் அனுமதிக்காது. எனவே அவருடன் அமர்ந்து பேசுங்கள். பிள்ளைகள் வீடு கட்ட இடம் ஒதுக்குங்கள். உரிமையை விலைக்கு வாங்கும் அறக்கட்டளை உண்டா என்று பாருங்கள். நிலத்தின் மீது வங்கிக் கடன் இருந்தால் அதன் சம்மதத்தையும் கேளுங்கள். நிரந்தரம் என்ற சொல்லை இருவரும் பலமுறை சிந்தியுங்கள். கையெழுத்திட்ட பின் திரும்ப முடியாது. இஸ்திகாரா தொழுங்கள். இருவர் மனமும் ஒன்றானால் தாமதிக்காதீர்கள். உடல்நலத்துடன் இருக்கும்போதே எழுதுங்கள். பிள்ளைகளிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்."

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அவர், "ஹஜ்ரத், அண்ணன் பக்கத்தில்தான் இருக்கிறார், நீங்கள் சொன்னதை அவரும் கேட்டார்" என்றார். அண்ணன் ஸலாம் சொன்னார். இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் பக்கத்துத் தோட்டக்காரரின் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்களிடமும் ஒரு துண்டு நிலம் இருக்கலாம். ஒரு தோப்பு, ஒரு கிணறு, பெற்றோர் விட்டுச் சென்ற ஒரு வயல். அது என்னவாக இருக்க வேண்டும் என்று உங்கள் மனத்தில் ஓர் ஆசையும் இருக்கலாம். இந்த வாரமே குடும்பத்தாரை அமர்த்திப் பேசுங்கள்; மகள்மாரையும் அழைத்துப் பேசுங்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் தாராளம் நமக்கு வேண்டும்; உமர் (ரலி) அவர்களின் பத்திரமும் நமக்கு வேண்டும்.

நம் பெற்றோர் விட்டுச் சென்ற நன்மைகளைத் துண்டிக்காமல் தொடரச் செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! நம் தவறுகளை மன்னிப்பானாக! ஆமீன்.